எமெட்டுக்குப் போகாத பந்து

திரையில் படம் உறைந்து நின்றது. கூடைக்கு அடியில் எமெட் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருவன்கூட இல்லை. பந்து டால்டன் கையில் இருக்கிறது.

"இதுல என்ன தெரியுது?" என்று கேட்டார் மெரிக். கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இந்த சீசனில் வந்த புதிய கோச்.

"எமெட்டோட அக்குள் தெரியுது கோச்," என்றான் ப்ரோடி. பின்வரிசை சிரித்தது. எமெட்டின் நாற்காலி காலியாக இருந்தது.

மெரிக் சிரிக்கவில்லை. படத்தை ஓடவிட்டார். டால்டன் எமெட்டைப் பார்த்தான், திரும்பிக்கொண்டான், ஆட்கள் சூழ்ந்து நின்ற ப்ரோடியிடம் பந்தை எறிந்தான். பந்து பறிபோனது.

அடுத்த படம் வேறு ஊர், வேறு அரங்கம். எமெட் அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அங்கேயும் பந்து அவனிடம் வரவில்லை.

"என் திட்டம்தான் சரியில்லன்னு சீசன் பூரா மாத்தி மாத்திப் போட்டேன். தோத்துக்கிட்டே இருந்தோம்," என்றார் மெரிக். "நேத்து சத்தத்தை நிறுத்திட்டு எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். இந்த டீம்ல அஞ்சு பேருக்கு நாலு பேர்தான் ஆடறாங்க."

காரணம் தெரியாதவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

பழைய கோச் ஹாலிஸ் ஊருக்கே செல்லம். கோப்பை வாங்கித் தந்தவர். அடிபட்ட பையன்களை வலி தெரியாமலிருக்க ஊசி போடவைத்து ஆட விடுகிறார் என்று, அணிக்குள்ளிருந்தே ஒருவன் போன வசந்தத்தில் விளையாட்டு இயக்குநரிடம் புகார் சொன்னான். சொன்னவன் பெயர் வெளியே வரவில்லை. ஹாலிஸின் வேலை போயிற்று.

அந்த வாரம் இயக்குநர் அறை வாசலில் எமெட் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவன் கணுக்காலில் கட்டோடு ஆடியவன் வேறு. "காட்டிக்குடுத்த பய," என்றான் ப்ரோடி. அணிக்கு அது போதுமாக இருந்தது.

எமெட்டை யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கேப்டன் டால்டன் நிறுத்தினான். மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

இப்போது டால்டன் குனிந்தபடி, கோடையில் அறுவை சிகிச்சை செய்த முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தான். காது இரண்டும் சுட்டன.

"காலைல எமெட் வந்தான். டீமை விட்டுப் போறேன்னான்," என்றார் மெரிக். "ஏன்டான்னு கேட்டேன். ஒருத்தர் பேரையும் சொல்லல. கேப்டன், நீ சொல்லு. என்ன நடக்குது இங்க?"

"தெரியல கோச்."

"தெரியலயா?"

"தெரியல."

மெரிக் விளக்கைப் போட்டார். "நாளைக்குக் கடைசி ஆட்டம். தோத்தாலும் பரவாயில்ல. அந்தப் பையன் இப்படிப் போகக் கூடாது. போங்க."

வராந்தாவில் ப்ரோடி டால்டனின் முதுகில் தட்டினான். "குப்பை தானா வெளிய போகுது. நீ ஏன்டா இழவு வீட்டுக்காரன் மாதிரி வர? வா, பீட்சா சாப்பிடலாம்."

"நீங்க போங்க. வரேன்."

"சாரி கேக்கப் போறியா அவன்கிட்ட?"

"போடான்னா போ."

உடைமாற்றும் அறையில் எமெட் மட்டும் இருந்தான். லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தான். ஷூக்களின் கயிறுகளைச் சேர்த்து முடிந்து பைக்குள் திணித்தான்.

"எமெட்."

"சொல்லு கேப்டன்."

"போகாதடா."

"பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு சீசன் பூரா காலி. காலை நீட்டிக்க வசதியாத்தான் இருந்துச்சு," என்றான் எமெட். "அம்மா ஒவ்வொரு ஆட்டத்தையும் கம்ப்யூட்டர்ல பார்ப்பாங்க. பந்தே உன்கிட்ட வரலயேடான்னு கேப்பாங்க. நான் இன்னும் வேகமா ஓடணும்மான்னு சொல்லுவேன். இனிமே அப்படிச் சொல்ல முடியாது."

வராந்தா முழுக்க டால்டன் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"பசங்ககிட்ட நான் பேசறேன். புகார் குடுத்ததுல தப்பே இல்லன்னு சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க. உன்னை மன்னிச்சிடுவாங்க."

எமெட்டின் கை நின்றது. "மன்னிச்சிடுவாங்களா?"

"கண்டிப்பா. நான் பார்த்துக்கறேன்."

எமெட் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நான் ஸ்காலர்ஷிப் விஷயமா அந்த வாசல்ல காத்துட்டிருந்தேன்," என்றான். "கதவு சரியா சாத்தியிருக்கல."

எமெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டால்டனைக் கடந்தான். கதவருகே போய்த் திரும்பினான்.

"நீ குடுத்தது நியாயமான புகார்தான் கேப்டன்."