ஜிமிக்கியின் ஓனர்

ஜிமிக்கியின் பித்தப்பை எந்த நேரமும் வெடித்துவிடலாம், உடனே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கோமளவல்லி பேனாவைத் திறந்தாள். ஒன்பது வருஷமாக எண்ணெய் படாமல் கோழியை வேகவைத்துப் போட்டு அந்த நாயை வளர்த்தவள் அவள்தான்.

"இருங்கம்மா, நாய் யாரை ஓனரா நினைக்குதோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். சட்டம்" என்ற நர்ஸ், ஜிமிக்கியின் தலையில் நினைப்பைப் படிக்கும் கருவியை வைத்தாள்.

திரையில் தணிகாசலத்தின் முகம் தெரிந்தது. "அந்தச் சனியனை யாருக்காவது குடுத்துடு" என்று தினமும் சொல்கிற கணவர். மனைவியின் நச்சரிப்புக்காகச் சாயங்காலம் மட்டும் அதை நடக்கக் கூட்டிப்போகிறவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "எண்ணெய்ப் பண்டம் ஏதாவது குடுத்தீங்களா சார்?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார். "பஜ்ஜிதான். ஆளுக்கு ரெண்டு."

"தினமுமா?"

"மழை பெஞ்சா போகமாட்டோம்."

கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "கண்ணு முழிச்சிடுச்சு. ஓனர் மட்டும் உள்ள வரலாம்" என்றாள்.

"கூப்பிடுறாங்கல்ல, போங்க" என்றாள் கோமளவல்லி.

தனியாக உட்கார்ந்து, ஜிமிக்கிக்காகக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கோழியில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். சகிக்கவில்லை.