கிழிக்கும் சத்தம்

நகக்கண் தோலை வெட்டும் சின்னக் கத்தரியை, வருகிறவர்களின் கண்முன்னே, சுத்தம் செய்து ஒட்டிய உறையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பார்லரின் வழக்கம். "இந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்பார்கள். கருவிகளைச் சூட்டில் சுத்தம் செய்யும் பெட்டி மழைக்காலத்திலேயே பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு, கத்தரியைப் பஞ்சால் துடைத்துப் புது உறைக்குள் போட்டு, முடி நீவும் ஸ்ட்ரெய்ட்னரால் அதன் வாயை ஒட்டிவைப்பது இமல்டாவின் வேலையானது. கோணாமல் ஒட்டப் பழகிவிட்டாள். கிழிக்கும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இன்று அவள் தங்கை ரோஸ்லின் தன் நிச்சயதார்த்தத்துக்காக நகம் திருத்திக்கொள்ள வந்திருந்தாள். "கல்யாணப் பொண்ணுக்கு நானே பண்றேன்" என்று முதலாளி சுகந்தி மேடம் உட்கார்ந்தார். அவர் கையில் எடுத்த உறைக்குள் இருந்தது, காலையில் யாரோ ஒருத்தியின் விரலில் ரத்தம் வரவைத்த கத்தரி.

"எங்கக்கா வீட்ல டம்ளரைக்கூட ரெண்டு தடவை கழுவுவா மேடம். பெரிய சுத்தக்காரி!" என்று சிரித்தாள் ரோஸ்லின்.

"இங்கயும் அப்படித்தாம்மா" என்றபடி மேடம் உறையைக் கிழித்தார்.

கத்தரி நகக்கண்ணைத் தொடப்போன நேரத்தில், இமல்டாவின் கை தானாகப் போய்த் தங்கையின் விரல்களை மூடிக்கொண்டது.

"என்னக்கா?"

மேடம் நிமிர்ந்தார். இமல்டா கையை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில், அவள் சற்றுமுன் நகம் திருத்தி முடித்திருந்த பெண்ணும் திரும்பினாள். மூடியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு மெதுவாகக் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள்.