அங்பாவ் கொடுத்த கை

2017 மார்ச் 14, மலேசியாவின் ஈப்போ நீதிமன்றம். சோயா சாஸ் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக முதலாளி பூன் ஹாக் வாயால் சொன்னதை நம்பிப் பத்தொன்பது வருடம் உழைத்த யோக் லான், பங்கு கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார்.

"இவங்க வெறும் தொழிலாளிதான்," என்ற பூன் ஹாக்கின் வக்கீல், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த நாளின் படத்தை நீட்டினார். "முதலாளி எல்லாருக்கும் சிவப்பு உறையில பணம் வச்சு அங்பாவ் கொடுக்கிறார், பாருங்க."

"பக்கத்துல நின்னு நானும் கொடுக்கிறேனே, அதையும் பாருங்க," என்றார் யோக் லான்.

"அதனால என்னம்மா? கல்யாணமானவங்க சின்னவங்களுக்குக் கொடுக்கிறது உங்க வழக்கந்தானே?"

பூன் ஹாக் அவசரமாக வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையே, வக்கீல் சார். கல்யாணமாகாதவங்க எங்கள்ல அங்பாவ் வாங்கத்தான் செய்வாங்க. முதலாளியா இருந்தாத்தான் கொடுப்பாங்க. அந்த உறைகளை என் கையில திணிச்சதே இவர்தான்."

மூன்றில் ஒரு பங்கு யோக் லானுக்கு என்று தீர்ப்பானது.