உடையாத டிஃபரென்ஷியல்

பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியல் பல்லுப் பல்லாக உதிர்ந்து கிடந்தது.

“அறுநூறு குதிரைத்திறன் வண்டி சார். ரேஸ் காருக்குப் போடுறதையே போட்டுடுறேன். ஜென்மத்துக்கும் உடையாது,” என்றார் மெக்கானிக்.

காரோடு வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாங்க. சீக்கிரமா உடையுற மாதிரி ஒண்ணு போடுங்க.”

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்லை!” என்று உறுதியானதையே மாட்டினார்.

ஓட்டிப் பார்க்க, காருக்குச் சொந்தக்காரரான அவருடைய மாமியாரே வந்துவிட்டார். “தினமும் மாப்பிள்ளையை ஆபீஸ்ல விடுறது நான்தான். இன்னிக்கு நீங்க ஏறுங்க தம்பி!”

டயர்கள் கிறீச்சிட கார் பறந்தது. சற்று நேரத்தில் திரும்பி வந்த மெக்கானிக், கதவைப் பிடித்தபடியே இறங்கி, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

“சார்… பழைய சாமான்ல பாதிப் பல்லு போனது ஒண்ணு கிடக்கு. மாட்டிடட்டுமா?”