பூட்டி அனுப்பிய சாவி

பீளமேட்டில் நடந்த கணினிக்காரர் கூட்டத்தில் சாமுவேலின் ஆதாரைச் சரிபார்த்த மதிவதனி, அவருக்கு அனுப்புவதைப் பூட்டப் பிறர் பயன்படுத்தும் பொதுச்சாவியில், இது இவருடையதுதான் என்று மின்கையொப்பமிட்டு மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னாள். அவருடைய லேப்டாப்பில் மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்புவதுதான் முறை.

"மறந்துபோடாதீங்க அம்மணி," என்றார்.

பத்து நிமிட வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஏழு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு அவர் இறந்த செய்தி வந்தது.

துக்கம் கேட்கப் போனவளிடம் அவர் மனைவி சொன்னார்: "கடைசி வரைக்கும் மெயிலப் பாத்துட்டே இருந்தாருங்க. அந்த லேப்டாப்பையும் பெட்டிக்குள்ள வெச்சுத்தானுங்க அடக்கம் பண்ணுனோம்."

மனசு கேட்காமல் அன்று மாலையே கையொப்பமிட்டு, முறைப்படி பூட்டி அனுப்பினாள்.

காலையில் பதில் வந்திருந்தது. அடியில் இருந்த, அந்த லேப்டாப்பிலிருந்து மட்டுமே போடக்கூடிய மின்கையொப்பம் அவருடைய சாவியோடு பொருந்தியது.

"கெடச்சுருச்சுங்க அம்மணி. அந்தக் கூட்டத்துல அனுப்பறேன்னு சொன்ன இன்னும் மூணு பேரு கையெழுத்து வரலீங்க. பாத்தா சொல்லுங்க."