தொடாமலே தள்ளுவார்

“தொடவே மாட்டாருங்க. தள்ளி நின்னு கையை மட்டும் நீட்டுவார். அவ்வளவுதான், அப்படியே பின்னால சாய்ஞ்சிடுவோம்.”

இதைச் சொல்லும்போது மனைவியின் முகத்தில் தெரிந்த களைதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. தன்னைப் பற்றி அவள் யாரிடமும் இந்த மாதிரிப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“ரோப் இல்லாம லிஃப்ட் நகருமா? தொடாம ஆள் விழுமா? சுத்தப் பித்தலாட்டம்.”

“உள்சக்தின்னு சொல்றாங்க.”

“உள்ளே என்ன இருக்குன்னு நான் வந்து பார்க்கறேன்.”

மாடிப்படியில் சறுக்கி விழுந்து, கொஞ்ச நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தவள், உடம்பு தேறட்டும் என்று சேர்ந்த தற்காப்புக் கலை வகுப்பு அது. இப்போது வீட்டில் எந்நேரமும் மாஸ்டர் புராணம். மாஸ்டர் இப்படி மூச்சு விடச் சொன்னார், மாஸ்டர் அப்படி நிற்கச் சொன்னார். மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. மாஸ்டரின் குட்டை எல்லார் முன்னாலும் உடைத்து, வகுப்புக்கு அவளை முழுக்குப் போட வைத்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். மெக்கானிக் தலைக்குச் சாயம் பூசி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். செருப்புக் கடைக்கு மேலே ஒரு ஹால். தரை முழுக்க நீல நிற மெத்தை.

மாஸ்டர் வந்தார். வழுக்கை, தொப்பை, போதாக்குறைக்கு ஜலதோஷம். ஆள் அழகனாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த ஆளுக்கா இத்தனை புகழ்ச்சி என்று மெக்கானிக்குக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவியின் முறை. கண்ணை மூடி நின்றாள். மாஸ்டர் கையை நீட்டினார். அவள் லேசாக ஆடி, பின்னால் சாய்ந்தாள். தயாராக நின்ற இரண்டு பெண்கள் தோளில் தாங்கிப் பிடித்து, மெதுவாக மெத்தையில் படுக்க வைத்தார்கள். படுத்தபடியே அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மெக்கானிக் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

எழுந்தே விட்டார்.

“மாஸ்டர், என்னைத் தள்ளுங்க பார்ப்போம்.”

மெக்கானிக் மெத்தையில் ஏறி நின்றார். பிடிப்பதற்குப் பின்னால் வந்த இரண்டு ஆண்களை, “நீங்க எதுக்கு? தள்ளிப் போங்க” என்று விரட்டினார்.

மாஸ்டர் ஒரு கையை நீட்டினார். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி நீட்டினார். கடைசியில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். மெக்கானிக் நட்டு வைத்த கம்பமாக நின்றார்.

“உங்ககிட்ட எடுபடலை சார்” என்று மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்து மனைவியோடு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பார்த்தியா, உன் மாஸ்டரோட வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு. அந்த ஆள் கையில ஒரு மண்ணும் இல்ல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒண்ணும் இல்லைன்னு. முதல் நாளே தெரியும். நானாத்தான் விழறேன்.”

மெக்கானிக் நின்றுவிட்டார். ஜெயித்ததெல்லாம் ஒரு நொடியில் தோற்றுப்போனது மாதிரி இருந்தது.

“அந்த ஆள் சந்தோஷப்படணும்னு விழறியா?”

“அவரை யாருங்க பார்த்தா? நான் கண்ணை மூடிட்டில்ல நிக்கறேன். விழுந்தா பிடிக்கறதுக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கறாங்க. அதுக்குத்தான் போறேன்.”

“பிடிப்பாங்கன்னு யாராவது போய் விழுவாங்களா?”

வீடு வந்துவிட்டது. அவள் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

“அன்னிக்கு இந்தப் படியில நான் விழுந்த சத்தம் கேட்டு, டிவி முன்னால உட்கார்ந்தபடியே நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? ‘என்னது உடைஞ்சுது?’ன்னு கேட்டீங்க.”