பத்தாவது மான்

"கொசு அடிக்கிற தோட்டாவை எடுத்துக்கிட்டு வேட்டைக்குப் போனா, மான் சிரிச்சுச் சிரிச்சேதான் சாகும்!"

ஓர்வில் ஸ்டெனருட் சொன்னதும் கடையில் நின்ற ஆறேழு பேரும் சிரித்தார்கள். சிரித்துத்தான் ஆகவேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்து அந்த வடகோடி ஊரில் மான் வேட்டை என்றால் ஓர்வில். மதுக்கடைச் சுவரில் ஒன்பது வருடத்துக்கு ஒன்பது படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கொம்பு மான், அதன் தலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓர்வில். நாளை விடிந்தால் வேட்டைக்காலம் தொடங்குகிறது. பத்தாவது மானும் விழுந்தால் மதுக்கடையில் அவர் பெயர் பொறித்த நாற்காலி. அந்த நாற்காலியை நினைத்து மனிதர் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று ஊரில் பேச்சு.

கடைக்காரர் கிளெம் சாஸ்ட்ரோ மட்டும் சிரிக்கவில்லை. வருடாவருடம் கேட்கிற கச்சேரிதானே.

கொசுத் தோட்டா என்று பெயர் வாங்கியது ஓர்வில்லின் மனைவி வெர்னாவின் கையில் இருந்தது. 243 என்ற சின்ன ரகத் துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டி; நூறு கிரெயின், அதாவது ஆறரை கிராம் எடைக் குண்டு. கடையில் மிச்சமிருந்த கடைசிப் பெட்டி அது.

"அதுக்கு என்னண்ணே குறைச்சல்?" என்றார் கிளெம். "முன்னங்காலுக்குப் பின்னால சரியாப் பட்டா மான் அதிக தூரம் ஓடாது. கறியும் வீணாகாது, நம்ம தோள்பட்டையும் பிழைக்கும்."

"உனக்கு விக்கத்தான் தெரியும், சுடத் தெரியாது. இதோ பாரு, முந்நூறு மேக்னம்! நூத்தியெண்பது கிரெயின்! மானுக்குப் பின்னால மரம் நின்னா மரமும் காலி!"

"மரத்தை யாருண்ணே சமைக்கப் போறாங்க?"

இந்த முறை சிரிப்பு பலமாக எழுந்தது. ஓர்வில்லின் முகம் அவர் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டைக்குப் போட்டியாகச் சிவந்தது. கடைக்காரரிடம் காட்ட முடியாததை மனைவியிடம் காட்டினார்.

"ஏன் வெர்னா, இதைக் கையில வெச்சுக்கிட்டு என் மானத்தை வாங்கணுமா? அணில் அடிக்கிறதை அங்கேயே போடு. நீ காட்டுக் கேபின்ல காபி போட்டு வெச்சா போதும்."

"நிஜமாவே வேண்டாங்கறீங்களா?"

"பின்னே? ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு, பொய்யா சொல்வேன்?"

வெர்னா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். பின்னால் நின்ற தபால்காரர் ரஸ், "என் பொண்ணுக்கு இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்று லபக்கென்று எடுத்துக்கொண்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு, யாராவது மனம் மாறுவதற்குள் வண்டியேறிப் போயும் விட்டார். ஓர்வில் அதைக் கவனிக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தால் குண்டு எந்தப் பக்கம் விலகும் என்று பக்கத்தில் நின்றவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து அவர் கிளம்பிய பிறகுதான் கிளெம் பார்த்தார். காசு கொடுத்து வாங்கிய மேக்னம் பெட்டியை மனிதர் மேஜையிலேயே மறந்துவிட்டார். 'பாவம், நாளைக்கு யானை ஏதாவது வந்து நின்றால் என்ன செய்வார்' என்று பெட்டியோடு வெளியே ஓடினார்.

வெர்னா வண்டியோட்டும் இருக்கையில் இருந்தாள். இறக்கிவிட்ட கண்ணாடி வழியே ஓர்வில்லின் குரல் கேட்டது. கடைக்குள் கேட்ட குரல் இல்லை அது.

"பெட்டியை எங்கே வெச்சிருக்கே?"

"எந்தப் பெட்டி?"

"243 தான் வெர்னா!"

"அது ரஸ் வீட்டுக்குப் போயிருக்கும்."

"ஐயோ! நாலு பேர் முன்னாடி நாலு வார்த்தை பேசினா, நிஜம்னு எடுத்துக்குவியா? வீட்டுல பழசு மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை. அடுத்த கடை அறுபது மைல். இந்நேரம் பூட்டியிருப்பான்."

"அப்போ என் நாற்காலி?" ஓர்வில் ஏறக்குறைய அழுதுவிட்டார்.

கிளெம் சத்தமில்லாமல் மேக்னம் பெட்டியை ஜன்னல் வழியே நீட்டினார். வெர்னா அதை வாங்கிக் கணவரின் மடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"இந்தாங்க. பத்தாவது மானையாவது நீங்களே சுடுங்க."